மதகடியில் கனக்கும் சைக்கிள்

கோயம்புத்தூர்க்காரர்கள் வெளிநாடு போவதென்றால் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போவார்கள். நான் குடவாசலுக்குப் போனேன். யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை, மற்றபடி எனக்கு அது வெளிநாடுதான். எங்கள் பக்கம் ஆயிரம் அடி துளை போட்டுத் தண்ணீரைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டும். இங்கே அது ஆற்றில் வந்து, வாய்க்காலில் திரும்பி, முறை வைத்து, தபால்காரர் மாதிரி ஒவ்வொரு வயலுக்கும் வருகிறது. சில வயலுக்கு வராமலும் போகிறது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. எனக்கு வேண்டியது ஒரு சைக்கிள்.

என் வேலை கண் பரிசோதனை. டாக்டர் இல்லை. டாக்டரிடம் போவதற்கு முன்னால் எழுத்துப் பலகையைக் காட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்பவள். இருபது வருடமாக இதே கேள்விதான். குடவாசலில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. மகள் தஞ்சாவூரில் படிக்கிறாள் என்பதால் அங்கேயே வீடு எடுத்தோம். பஸ் எனக்கு ஆகாது, மூன்றாவது வளைவிலேயே குமட்டும். தஞ்சாவூருக்கும் குடவாசலுக்கும் நடுவே எத்தனை வளைவு என்று கேட்காதீர்கள், எண்ணும் நிலையில் நான் இருந்ததில்லை. ரயிலோ குடவாசலுக்குக் கிடையாது. கொரடாச்சேரியில் இறங்கி இன்னும் ஒன்பது பத்துக் கிலோமீட்டர் போக வேண்டும். 'மடிக்கிற சைக்கிள் வாங்கிக்கம்மா, பையில போட்டு ரயில்லயே கொண்டு போயிரலாம்' என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க சைக்கிள் பார்த்தோம். கீழவாசல் கடையில் இரண்டு இருந்தன. ஒன்றுக்கு இருபது அங்குலச் சக்கரம், ஏழு கியர், பார்க்க லட்சணமாக இருந்தது. தூக்கினால் எங்கள் வீட்டு கிரைண்டர் ஞாபகம் வந்தது. ரயில் கொரடாச்சேரியில் நிற்பது ஒரு நிமிடமோ என்னவோ, அதற்குள் கிரைண்டரோடு இறங்க என்னால் ஆகாது. இன்னொன்று சின்னச் சக்கரம், எடை குறைவு. அதில் ஏறிக் கடைவாசலில் ஒரு வட்டம் அடித்தேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

'எறங்கும்மா. சர்க்கஸ் கரடியாட்டவே இருக்கே.'

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'பழசு பரவாயில்லேன்னா ஒண்ணு சொல்றேங்க. மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டுல இருக்கு. சிங்கப்பூர் வண்டி' என்று வழி சொன்னார்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பெயர் வசந்தா. கூடத்து மூலையில் பச்சை நிறச் சைக்கிள் மடித்தபடி நின்றது. நடுவில் ஒரு கீல், கைப்பிடித் தண்டில் ஒரு கீல். மூன்றே அசைவில் விரிந்தது, மூன்றே அசைவில் மடங்கியது, இரண்டு சக்கரங்களும் காந்தத்தில் டப்பென்று ஒட்டிக்கொண்டன. பின்னால் சின்னதாக ஒரு கேரியர், பக்கத்திலேயே வண்டியை மடித்துப் போடும் பை. கைப்பிடியில் பெரிய பித்தளை மணி. தட்டிப் பார்த்தேன். சத்தம் வீட்டுக்குள் எல்லா அறைக்கும் போய்த் திரும்பி வந்தது. வசந்தா சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

'என் வீட்டுக்காரரோடதுங்க. வாய்க்கால் ஆபீஸ்ல வேலை. போன மாசம் தவறிட்டாரு' என்றார். 'அவரும் இதை ரயில்லதான் கொண்டு போவாரு. கொரடாச்சேரிக்கு.'

அதே ரயில், அதே ஸ்டேஷன். எனக்கு உள்ளுக்குள் ஒரே மகிழ்ச்சி. துக்க வீட்டில் நின்றுகொண்டு மகிழ்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

'ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. பிடிச்சா எடுத்துக்கங்க, பிடிக்கலேன்னா கொண்டாந்து விட்டுடுங்க' என்றவர், நாங்கள் வாசலில் இறங்கியதும், 'கனமா இருந்தா சொல்லுங்க' என்றார்.

'இதையுங்களா கனம்ங்கறீங்க?' என்று ஒரே கையால் தூக்கிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை தஞ்சாவூர் ஸ்டேஷனில் முதல் வேலையாகப் பார்சல் தராசில் சைக்கிளை வைத்துப் பார்த்தேன். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன், அது என் தொழில் புத்தி. பதினொன்றரைக் கிலோ. நெஞ்சு நிறைந்து ரயில் ஏறினேன்.

பெட்டியில் பாதிப்பேர் பையையே பார்த்தார்கள். 'ஆர்மோனியமாங்க?' என்றார் ஒருவர். சைக்கிள் என்றேன். நான் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டார். சாலியமங்கலம் தாண்டியதும் வெளியே ஒன்றும் தெரியவில்லை, தை மாதப் பனி ஜன்னல் வரை வந்து நின்றது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

'எங்கூர்ல அறுப்பு மிஷின் வந்துடுச்சுடி.'

'உனக்கென்ன, தலைமடை, வாய்க்கால் மொதல்ல உங்கூருக்குத்தான் வருது. எங்களுக்கு ரெண்டாம் போகம், தாளடி, இப்பத்தான் கதிர் வெளில வந்து நிக்குது. அடியில மண்ணு வெடிச்சுக் கெடக்கு. தண்ணி எப்ப வரும்னு கேட்டா, முறை வரட்டுங்கறாங்க.'

ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்திக்கு அறுவடை, ஒருத்திக்குத் தண்ணீரே வரவில்லை. என்ன ஊர் இது என்று நினைத்துக்கொண்டு, அம்மாப்பேட்டையில் வாங்கிய மசால் வடையைத் தின்றேன். எங்கள் ஊர் வடையைவிட நன்றாக இருந்தது, ஊர்க்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

கொரடாச்சேரி ஸ்டேஷன் வாசலில் சைக்கிளை விரித்தபோது நான்கு பேர் கூடி வேடிக்கை பார்த்தார்கள். பெருமையாக ஏறி மிதித்தேன். நகரவில்லை. நகர்ந்தது என்றாலும், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடு ஏறுவது மாதிரி இருந்தது. இறங்கி டயரை அமுக்கினேன், கல்லாக இருந்தது. பிரேக் உரசுகிறதா பார்த்தேன், உரசவில்லை. காலையில் தின்ற நான்கு இட்லியையும் வடையையும் திட்டிக்கொண்டே மறுபடி ஏறினேன்.

பாலம் தாண்டினால் சாலை பெரிய வாய்க்காலின் கரையோடு போகிறது. பனியில் பத்தடிக்கு மேல் கண் போகவில்லை. ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம், இன்னொரு பக்கம் சத்தமே இல்லாத வயல். மூன்று கிலோமீட்டர் போனதும் பனி சற்று விலகி எதிர்க்கரையில் மதகு தெரிந்தது, அதன் இரும்புச் சக்கரத்தின் பக்கத்தில் ஓர் ஆள் உருவம். அசையவில்லை. என்னையே பார்ப்பது போலிருந்தது. பயந்தால் சத்தம் போடுவது என் சுபாவம், மணியை இரண்டு தட்டுத் தட்டினேன். அடுத்த மிதியில் சைக்கிள் அம்பாகப் பறந்தது.

சற்றுத் தள்ளி சாலை ஒரு சின்னப் பாலத்தில் வாய்க்காலைக் கடந்து அந்தப் பக்கம் போகிறது. அங்கே ஒரு டீக்கடை. கடையை ஒட்டி, மதகிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால், உள்ளங்கை அகலத்துக்கு வெடித்துக் கிடந்தது. மாலையில் நான் திரும்பி வரும்போது அதே வெடிப்புகளில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கியது. அட, நம் ஊரில் மாநகராட்சிக் குழாய்கூட இவ்வளவு சீக்கிரம் வராதே என்று நினைத்தேன். திரும்பும்போது சைக்கிள் கனக்கவில்லை.

செவ்வாய்க்கிழமையும் அதேதான். ஸ்டேஷன் வாசலிலிருந்து கனம், மதகின் எதிரே இரண்டு தட்டு, உடனே லேசு. இந்த முறை டீக்கடையில் நின்று, கண்ணாஸ்பத்திரி வேலைக்குப் போகிறேன், ஒரு டீ என்றேன். கடைக்கார அம்மா ராணி, நாற்பத்தைந்து வயது, கால் முழுக்கக் காய்ந்த சேறு. சைக்கிளைப் பார்த்தவள் கையிலிருந்த வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு டீ ஆற்றி, பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இரண்டு டம்ளர்களை வைத்தாள்.

'ஏனுங்க, நான் ஒண்ணுதானுங்க கேட்டேன்.'

'கை தவறிப் போட்டுட்டேங்க' என்றாள். இரண்டாவதற்குக் காசு வாங்கவில்லை. அதை எடுத்து ஊற்றவும் இல்லை. நான் குடித்து முடிக்கும்வரை அது என் பக்கத்திலேயே ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

புதன்கிழமை ரயிலில், திருவாரூர் கோர்ட்டில் வேலை பார்க்கும் ஒருவர், என் பையைப் பார்த்ததும் ஜன்னலோர இடத்தை விட்டு எழுந்தார்.

'இங்க வெச்சுக்கங்க மேடம். இந்தப் பை எப்பவும் இந்த ஓரத்துலதான் வரும்.'

'இந்தப் பை உங்களுக்குத் தெரியுமுங்களா?'

'சாரோட பையாச்சே. ரெண்டு வருஷம் எதிர் எதிர உக்காந்து வந்தோம்.' எதிர் இருக்கையில் உட்கார்ந்தார். 'அன்னிக்கு நீடாமங்கலம் வரைக்கும் பேசிட்டுத்தான் வந்தாரு. அப்புறம் கண்ண மூடினாரு. தூங்குறாருன்னு நெனச்சேன். கொரடாச்சேரி வந்துச்சு, சார் எறங்கணும்னு தட்டினேன், எந்திரிக்கல. நல்ல தூக்கம்னு விட்டுட்டேங்க. திருவாரூர்ல பெருக்க வந்த அம்மாதான் தொட்டுப் பாத்துச்சு. முழங்காலுக்கு நடுவுல பைய இறுக்கிப் பிடிச்சிருந்தாரு. எடுக்க முடியல.'

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழ நினைத்தேன். எழவில்லை, எல்லோரும் பார்ப்பார்களே என்ற மானம். பையை மட்டும் காலால் சற்றுத் தள்ளி வைத்தேன்.

அன்று மணி அடிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். கனம் என்பதெல்லாம் மனசு, அடிக்காமல் போனால் என்ன ஆகிறது பார்க்கலாம் என்று ஒரு வீம்பு. மதகு வந்தது. எதிர்க்கரையில் அதே உருவம், சக்கரத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு காத்திருந்தது. நான் அடிக்காமல் மிதித்தேன். சைக்கிள் நகர மறுத்தது. எழுந்து நின்று முழு உடம்பையும் போட்டு அழுத்தினேன். சங்கிலி முனகியதே தவிர சக்கரம் சுற்றவில்லை. பனிக்குள்ளே, தையில், எனக்கு வேர்த்து ஊற்றியது. பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கடைசியில் 'மாரியாத்தா' என்று வாய்விட்டுச் சொல்லி இரண்டு தட்டினேன். பின்சக்கரத்து ஸ்பிரிங் லேசாக எழும்பிற்று, யாரோ இறங்கிக்கொண்டது போல. டீக்கடையில் நிற்காமல் குடவாசல்வரை மிதித்தேன்.

வியாழக்கிழமை வீம்பு பிடிக்காமல் இரண்டு தட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அன்று எங்கள் மருத்துவமனையில் இலவசப் பரிசோதனை. இருட்டறையில் என் முன்னால் வந்து உட்கார்ந்தவர் பெயர் கோவிந்தராசு. ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லையாம். பலகையில் முதல் எழுத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றியிருந்தது.

'என்ன வேலைங்க பாக்கறீங்க?'

'லஸ்கருங்க. மதகு தொறந்து மூடுற ஆளு.'

என் கை லென்ஸோடு நின்றது. 'இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு எப்படிங்க?'

'மதக தொறக்கக் கண்ணு எதுக்கு, கைதானே வேணும். தொறக்கவா மூடவான்னு தெரிஞ்சுக்கக் காது போதும்.' அவருக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். 'முன்னல்லாம் போன்லதான் சொல்லுவாங்க. ஒரு தடவ சார் மாதிரியே பேசி எவனோ தொறக்க வெச்சுட்டான். அறுக்க நின்ன வயலெல்லாம் முழுகிப் போச்சு. அதுலேருந்து சார் ஒரு வழி பண்ணாரு. ஏழு மதகு பாக்கணும் அவருக்கு, நின்னு பேச நேரம் கெடையாது. அந்தக் கரையில போறப்பவே மணி அடிப்பாரு. ரெண்டு தட்டுனா தொற, மூணு தட்டுனா முறை முடிஞ்சுது, மூடு. ராத்திரிக்கு நானே இறக்கி வெச்சுடுவேன், மறுநா மணி கேட்டாத்தான் திரும்பத் தொறப்பேன். வேற எவன் சொன்னாலும் கைய வெக்காதே கோவிந்தராசுன்னாரு.'

'அவரு...' என்று இழுத்தேன். 'தவறிட்டாருன்னு கேள்விப்பட்டேனுங்க.'

'ஆமா. தஞ்சாவூரு போயி மாலை போட்டுட்டு வந்தேன்.'

'அப்புறம்?'

'திங்கக்கெழமைலேருந்து வர்றாரு' என்றார், பால்காரர் வருகிறார் என்பது போல.

லென்ஸ் கீழே விழுந்து உடைந்தது. இருபது வருடத்தில் நான் உடைத்த முதல் லென்ஸ். அவருக்கு டாக்டர் அடுத்த வாரம் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்தார். மணி அடித்தது நான்தான் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

மாலையில் ராணி சாலை நடுவில் வந்து நின்று என்னை மறித்தாள்.

'அக்கா, லஸ்கரு ஒங்க ஆசுபத்திரிக்கு வந்தாருல்ல? மணி அடிக்கிறது நீங்கன்னு சொல்லிட்டீங்களா?'

'இல்லீங்க.'

அவள் அப்படியே பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள். அவளுக்குக் கடைமடையில், அதாவது கிளை வாய்க்கால் போய் முடியும் இடத்தில், மூன்று மா குத்தகை நிலம். ஏறக்குறைய ஓர் ஏக்கர். கதிரில் பால் கட்டும் நேரம். இப்போது வயலை நனைத்தால் நெல், நனைக்காவிட்டால் வைக்கோல். ஆற்று முறை சனிக்கிழமை மாலையோடு முடிகிறது, அதற்கப்புறம் அணையையும் மூடிவிடுவார்கள். தலைமடைக்காரர்களுக்கு அறுவடை, அவர்கள் மதகைத் திறக்காதே என்கிறார்கள். சார் இடத்துக்கு வந்த புது அதிகாரி இன்னும் இந்தப் பக்கமே வரவில்லை. உத்தரவு இல்லாமல் லஸ்கர் கையை வைக்கமாட்டார்.

'மொத மூணு நாள் தண்ணிய வாய்க்காலே குடிச்சிடுச்சுக்கா. இன்னிக்குத்தான் எனக்கு மேல் வயலுக்கு வந்திருக்கு. நாளைக்கும் நாளன்னைக்கும் ஓடுனாப் போதும், எனக்கு வந்துடும். கடைசியா சாரு போனப்ப, நாளைக்கு வந்து தொறக்கச் சொல்றேன் ராணின்னு சொல்லிட்டுப் போனாரு. மறுநாள் ரயில்லயே...' முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். 'ரெண்டே ரெண்டு நாள். ஒண்ணும் சொல்லாம மணிய மட்டும் அடிச்சுட்டுப் போங்கக்கா.'

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தெரியாமல் அடித்தது வேறு. தெரிந்துகொண்டு, இறந்த ஒரு மனிதரின் பெயரால், பார்வை போன ஒருவரை ஏமாற்றுவது வேறு. பார்வை தெரியாதவரிடம் பொய் சொல்வதில்லை என்பது இந்தத் தொழிலில் நான் வைத்துக்கொண்ட ஒரே விரதம். அதைக் காப்பாற்றினால் ராணியின் மூன்று மா போய்விடும். என் விரதத்தை அவள் ஏன் பட்டினி கிடந்து காப்பாற்ற வேண்டும் என்றும் தோன்றியது. என்ன செய்வதென்று தெரியாமல், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கனத்தோடு போனேன், இரண்டு தட்டினேன். பிறகு நேராகப் போகாமல், சின்னப் பாலத்தைக் கடந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு கரையோடு மதகுக்குத் திரும்பி நடந்தேன். ராணி கடையிலிருந்து பார்த்தாள். 'அக்கா, வேண்டாங்கக்கா' என்றாள், கத்தவில்லை, கெஞ்சினாள். அவளைத் திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவேன் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

கோவிந்தராசு இரும்புச் சக்கரத்தைச் சுற்றி முடித்திருந்தார். மதகின் அடியில் தண்ணீர் உறுமிக்கொண்டு கிளை வாய்க்காலுக்குள் போனது.

'ஐயா, அந்த மணி அடிக்கறது நானுங்க' என்றேன். 'கண்ணாஸ்பத்திரியில வேலை. சாரோட சைக்கிளை வாங்கலாம்னு ஓட்டிப் பாக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, சும்மா பயத்துல அடிச்சுட்டேன். ஆனா மதகை மட்டும் மூடிராதீங்க, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், அந்தம்மா பயிரு போயிரும்.'

அவர் என்னைப் பார்த்து, முதல்முறையாகச் சிரித்தார்.

'கண்ணு மங்கல்தாம்மா. அதுக்காகப் பொடவைக்கும் பேன்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா? திங்கக்கெழமையே தெரியும், ஓட்டுறது பொம்பளப் புள்ளைன்னு.'

'அப்ப எதுக்குங்க தொறந்தீங்க?'

'ஓட்டுனது நீங்க. பின்னால கேரியர்ல உக்காந்து வந்தது சாருல்ல? நீங்க மணி அடிச்சதும் எறங்குவாரு. இப்பிடிக் கைய அசைச்சுட்டு, டீக்கடப் பக்கமா நடந்து போவாரு.'

கேரியரை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே கையை மட்டும் கைப்பிடியிலிருந்து எடுத்துக்கொண்டேன். கனத்தைப் பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, மகளிடம்கூட.

'உங்களுக்குப் புரை முத்திருக்குதுங்க ஐயா' என்றேன். அதைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. 'எல்லாமே மங்கலாத்தான் தெரியும்.'

'மங்கலாத் தெரியறதும் தெரியறதுதானேம்மா' என்றார். 'நாளைக்குச் சாயந்திரம் திரும்பிப் போறப்ப மூணு தட்டுங்க. முறை முடிஞ்சுது, மூடிடலாம்.'

டீக்கடையில் இரண்டு டம்ளர்கள் இருந்தன. ராணி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, அடுப்பின் பக்கம் திரும்பி அழுதாள். நான் என் டீயைக் குடித்தேன். 

சனிக்கிழமை காலையிலும் இரண்டு தட்டினேன். மாலையில் ராணி என்னை வரப்பில் நடத்திக் கூட்டிப்போய் வயலைக் காட்டினாள். கதிர்களுக்கு அடியில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது, வெடிப்புகளிலிருந்து குமிழி வந்துகொண்டிருந்தது. ஒரு நெல்லைக் கிள்ளி நசுக்கி என் விரலில் தேய்த்தாள். வெள்ளையாகப் பால். எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. திரும்பும் வழியில், வெளிச்சம் மங்குவதற்குள், மதகின் எதிரே நின்று மூன்று தட்டினேன். எதிர்க்கரையில் இரும்புச் சக்கரம் கிறீச்சிட்டு இறங்குவது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வசந்தா வீட்டுக்குப் போய், சைக்கிளை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். காபி கொடுத்தார். விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

'கனமா இருந்துச்சா?' என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். 'இருந்துச்சுங்க' என்றேன்.

'எங்கேருந்து எது வரைக்கும்?'

'கொரடாச்சேரி ஸ்டேஷன்லிருந்து மதகு வரைக்கும்.'

வசந்தா மெல்லத் தலையாட்டினார். 'அன்னிக்கு அவர் போக வேண்டிய தூரம் அவ்வளவுதான் மிச்சம்.' பிறகு உள்ளே போய், சங்கிலிக்கு விடும் எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். 'மாசம் ஒரு தடவ விடுவாரு. மறந்துடாதீங்க.'

திங்கட்கிழமை ஸ்டேஷன் வாசலில் ஒரு வாரப் பழக்கத்தில் காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். சைக்கிள் சிட்டாகப் பறந்து, எதிரே நின்ற ஆட்டோவில் மோதப் பார்த்தது. எடையே இல்லை. பாலம் தாண்டினேன், கரையில் போனேன், லேசாகவே இருந்தது. நிம்மதியாக இருக்க வேண்டியவள் வழியெல்லாம் கேரியரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனேன். மதகின் எதிரே நின்றேன். கோவிந்தராசு அந்தக் கரையிலிருந்து என் பின்னால் உற்றுப் பார்த்தார். பிறகு இல்லை என்பதுபோல் தலையை அசைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மதகை ஒட்டிய கொட்டகைக்குள் போனார். நான் மணி அடிக்கவில்லை.

ராணி டீயை ஆற்றி, கைப்பிடிச் சுவரில் ஒரே ஒரு டம்ளரை வைத்தாள்.

'இன்னொன்னு?' என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், என் பின்னால் சைக்கிளைப் பார்த்தாள், வந்த சாலையைக் கடைசிவரை பார்த்தாள்.

'யாருக்குக்கா?' என்றாள்.